பரந்தன் வீட்டில் விருந்தாளிக்கு ஓர் அறை: ஏசிக்கு முதல் பார்க்கவேண்டியவை

தம்பி, உங்கட கேள்வி இதுதான். கனடாவுக்கு வந்து ஒன்றரை வருசம். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பரந்தனில் இருக்கிற வீட்டில் நெல்லு மூட்டை அடுக்கிற 10க்கு 10 அறையைத் திருத்தினால் ஆடியில் லண்டனிலிருந்து வாற அக்கா குடும்பம் அதில் தங்கும் என்று அம்மா சொல்லுறா. ஏசிக்கு எவ்வளவு அனுப்பலாம், சீலிங்கும் டைல்ஸும் போடுறதோ?

ஏசியை இப்போதைக்கு மறவுங்கோ. விருந்தாளி அந்த அறைக்குள் இருக்கப்போறது இரவு ஒன்பது மணியிலிருந்து விடிய ஆறு மணி வரைக்கும்தான். பகலில் ஆட்கள் மாமரத்துக்குக் கீழே இருப்பினம், இல்லாட்டி வட்டாப்பளை அம்மன் கோயிலுக்கோ மடு மாதா கோயிலுக்கோ வான் பிடிச்சுப் போயிருப்பினம். ஆகவே ஒவ்வொரு செலவுக்கும் முதல் ஒன்றைக் கேளுங்கோ: இரவு இரண்டு மணிக்கு எழும்புற ஆளுக்கு இது உதவுமோ? எங்கட ஆட்கள் காசு அனுப்புறது பெரும்பாலும் படத்தில் வடிவாத் தெரியிற சாமானுக்கு. நித்திரையைக் கெடுக்கிற ஈரமும் நுளம்பும் படத்தில் விழாது.

மூட்டைகளை எடுத்ததும் சுவரின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கோ. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்கு வெள்ளைத் தூள் பூத்து, விரலால் தேய்க்கப் பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழன்றால் அது உவர். நிலத்து ஈரம் சீமெந்துக் கல்லுக்குள்ளால் ஏறும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவருது. தண்ணி காய்ஞ்சு போகும், உப்பு அங்கேயே நிற்கும். இதுக்கு மேல் எனாமல் பெயின்ற் அடிச்சால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரு மாரிக்குள்ளேயே கொப்புளம் போடும். ஊரில் அதிகம் நடக்கிற பிழை இது. ஈரக்கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடி வரைக்கும் பூச்சைக் கல்லுத் தெரியக் கொத்தி எடுத்து, மூன்று கிழமை காயவிட்டு, சீமெந்து 1க்குக் கழுவின ஆத்து மணல் 4 என்று கலவை போட்டு, ஈரம் தடுக்கிற மருந்தும் சேர்த்துப் பூச வேணும். வெளியில் சுவரோடு ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம், வெளிப்பக்கம் ஒரு அங்குலம் சரிவாக. அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாத வீட்டுக்கு இது முழு வைத்தியம் இல்லை, ஆனால் சில மாரிக்குத் தாங்கும்.

புதுப்பூச்சு 28 நாள் காயாமல் பெயின்ற் அடிக்கக்கூடாது. இதனாலதான் நாள்கணக்கு முக்கியம். சித்திரைப் புத்தாண்டு முடிஞ்ச கையோடு கொத்தத் தொடங்கினால் ஆனி நடுப்பகுதியில் பெயின்ற் மணமும் போயிருக்கும். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் அக்கா வாற அன்றைக்கும் சுவர் ஈரமாகத்தான் இருக்கும்.

டைல்ஸ் போடுறதென்றால் அதுக்கு முதல் கறையான் மருந்து. சுவரும் தரையும் சேர்கிற இடத்தில், ஒரு அடிக்கு ஒன்றாக, அரை அங்குலத் துளை போட்டு மருந்தை இறக்குவினம். டைல்ஸ் போட்ட பிறகு கறையான் வந்தால் டைல்ஸைத்தான் துளைக்க வேணும். 2க்கு 2 டைல்ஸ் கணக்குக்கு 25, வெட்டும் உடைவும் சேர்த்து 28 வாங்குங்கோ, மினுங்காத வகை. அடுத்தது கதவு. டைல்ஸும் கலவையும் சேர்ந்து தரையை ஒரு அங்குலத்துக்கு மேல் உயர்த்தும், உள்பக்கம் திறக்கிற கதவு பிறகு அசையாது. ஓடாவியை முதலே கூப்பிட்டு அடியைச் சீவச் சொல்லுங்கோ. பழைய சீமெந்துத் தரை வெடிப்பில்லாமல் இருந்தால் டைல்ஸே தேவையில்லை, வெக்கைக்கு அந்தத் தரை வெறுங்காலுக்கு நல்ல சுகம்.

பெயின்ற்: நாலு சுவரும் பத்தடி உயரமென்றால், கதவு யன்னல் கழிய 350 சதுர அடி வரும். ஒரு லீற்றர் ஒரு தரம் அடிக்க ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும். இரண்டு தரத்துக்கு நாலு லீற்றர் வாளி இரண்டு, அடியில் பூசுற ஃபில்லர் நாலு லீற்றர் ஒன்று. தூய வெள்ளை வேண்டாம், கிறவல் தூசு ஒரு கிழமையில் காட்டிக்கொடுக்கும். சந்தன நிறம் நல்லது.

இனிக் கூரை. தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ என்றால் சீலிங் ஆடம்பரம் இல்லை, பகல் வெக்கையைச் சீற் நேரே அறைக்குள் இறக்கும். அஸ்பெஸ்டஸை அறுக்கவோ துளைக்கவோ விடாதேங்கோ, அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. ஓட்டு வீடென்றால் ஓட்டு இடுக்கால் வெக்கை போயிடும், சீலிங்குக்கு அவசரமில்லை. போட்டால் ஒன்பது அடிக்குக் கீழே இறக்காமல், மேலே முக்கோணச் சுவரில் இரண்டு காற்றுத்துளை விட்டு அரை அங்குலக் கம்பிவலை அடிக்க வேணும். வலை இல்லாட்டி அக்காவுக்கு முதல் எலி குடிவந்திடும். ஃபேன் கூரையின் வளைமரத்தில் தொங்க வேணும், சீலிங் சட்டத்தில் இல்லை.

நுளம்புக்கு யன்னல் வலை அடிச்சால் போதுமென்று சொல்லுவினம். சீலிங் இல்லாத ஓட்டு வீட்டில் அது வீண்காசு, நுளம்பு கூரைக்கும் சுவருக்கும் இடையால் வரும். அங்கே கட்டில் வலைதான் வழி. ஒற்றைக் கொழுவியில் தொங்குற வட்ட வலை வேண்டாம். அதின் வளையமும் ஃபேனும் ஒரே நடு இடத்துக்குச் சண்டை பிடிக்கும், கயிறு இறகில் சுற்றும். நாலு மூலைப் பெட்டி வலை வாங்கி, ஆறரை அடி உயரத்தில் சுவரில் கொழுவி அடிச்சு, மெத்தைக்குக் கீழே ஒரு அடி செருகக்கூடிய நீளம் இருக்கோ என்று பாருங்கோ. வலைக்குள் மேல்ஃபேனின் காற்று பாதிதான் இறங்கும். கால்மாட்டுச் சுவரில் ஒரு சுவர் ஃபேன் பூட்டினால் காற்று பக்கவாட்டால் வலைக்குள் போகும். ஏசிக்கு ஒதுக்கின காசில் இது சின்னத் துண்டு. இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் மலேரியா அற்ற நாடென்று அறிவிச்சது உண்மைதான். டெங்கு இருக்குது, அதைப் பரப்புற நுளம்பு பகலிலும் கடிக்கும், பின்னேரம் படுக்கிற பிள்ளையும் வலைக்குள்தான் படுக்க வேணும்.

இணைந்த ரொயிலற் எல்லாருக்கும் ஆசை. மலக்குழிக்கும் கிணத்துக்கும் இடையில் குறைஞ்சது 50 அடி வேணும், பக்கத்து வளவுக் கிணத்தையும் சேர்த்து அளக்க வேணும். இடம் காணாட்டி வெளியில் இருக்கிற ரொயிலற்றிலேயே கதிரைபோல இருக்கக்கூடிய கொமோட்டும் சுவரில் ஒரு கைபிடியும் பூட்டி, அறை வாசலிலிருந்து அதுவரைக்கும் சீமெந்து நடைபாதை போட்டு, இரண்டு எல்இடி லைற் பூட்டுங்கோ. சுவிட்ச் கட்டில் தலைமாட்டில் இருக்க வேணும், முற்றத்தில் பாம்பை மிதிச்ச பிறகு எட்டுற இடத்தில் இல்லை. எங்கட கிணத்துத் தண்ணியில் சுண்ணாம்பு கூட, ஷவர் கண் அடைக்கும். கழற்றி ஒரு இரவு வினாகிரியில் ஊறவைச்சால் திறக்கும்.

காசை மொத்தமாக அனுப்பாமல் கொத்தி முடிய ஒன்று, பூச்சு முடிய ஒன்று, சாமானுக்கு ஒன்று என்று பிரிச்சு அனுப்புங்கோ. படம் கேட்டால் அளவுநாடாவைச் சுவரில் பிடிச்சு எடுக்கச் சொல்லுங்கோ. மூட்டைகளுக்கு விறாந்தைக் கோடியில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பலகைத் தட்டு ஒன்று இப்பவே அடிக்க வேணும். இல்லாட்டி அக்கா விமானம் ஏறின மற்ற நாள் நெல்லு திரும்ப அறைக்குள் போயிடும்.

கனடாவிலிருந்து ஃபேன், ஹெயர் டிறையர் ஒன்றும் கட்டி அனுப்பாதேங்கோ. அங்கே 120 வோல்ற், ஊரில் 230, செருகின உடன் எரியும். படுக்கை விரிப்பும் அனுப்பவேண்டாம். கனடாக் குயின் மெத்தை 80 அங்குல நீளம், ஊரில் பொதுவாக விற்கிறது 72. எட்டு அங்குலம் தொங்குற விரிப்பை அம்மா ஊசியால் குத்தி வைச்சிருப்பா. கிளிநொச்சிச் சந்தையில் பருத்தி விரிப்பு மூன்று வாங்கச் சொல்லுங்கோ.