ராலேன்னு விக்கிறாங்க, வாங்கலாமா? பழைய சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா வணக்கமுங்க, நமக்கு கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு தரவாட்டு (பழைய பரம்பரை) வீட்டுல இருந்து வந்ததுன்னு ஆக்கிரிக்கடை (பழைய சாமான் கடை) சேட்டன் ஒருத்தர் ராலே சைக்கிள் வெச்சிருக்காரு. ஒரிஜினல் இங்கிலாந்து, 18,000 ரூபா, பைசா கொறைக்க மாட்டேங்கறாரு. முன்னாடி பித்தளை பேட்ஜ்ல ராலேன்னு இருக்கு. முன் சக்கரத்தைப் பிடிக்கற போர்க் ரெண்டு பக்கமும் ரெட்டைக் குழாயா வருது, செயின் வீல்ல ஆளுங்க ஓடற மாதிரி உருவம், பின் ஹப்புல ஏடபிள்யூ 54 7-ன்னு குத்தியிருக்கு, ஆனா கியர் மாத்தற லிவர் இல்ல. வாங்கலாமுங்களா?

பதில்: தம்பி, பாதி பதிலை நீங்களே எழுதிட்டீங்க. ரெட்டைக் குழாய் போர்க்கும் ஓடற ஆளுங்க செயின் வீலும் ராலே இல்லீங்க, ஹம்பர்ங்கற வேற இங்கிலீஷ் கம்பெனியோடது. ராலேன்னா செயின் வீல்ல நாரைத் தலை இருக்கும், ரட்ஜ் கம்பெனின்னா விரிச்ச கை, பிஎஸ்ஏ கம்பெனின்னா அந்த மூணு எழுத்தே இருக்கும். அப்ப பேட்ஜ் எப்படி வந்துச்சுன்னா யாரோ பின்னாடி மாட்டிருக்காங்க, பேட்ஜ் ஸ்குரூ புதுசா மின்னுதா, சுத்தி வேற ஓட்டை இருக்கான்னு பாருங்க. சேட்டன் ஏமாத்தறாருன்னு நான் சொல்லல, அவருக்கே தெரியாம இருக்கலாம். ஹம்பர் ஒண்ணும் மட்டமில்ல, 1932-லயே ராலே அந்தக் கம்பெனிய வாங்கிட்டாங்க, நம்மூர்ல ராலேங்கற பேருக்குத்தான் ஆளுங்க அடிச்சுக்கறாங்க, ஹம்பர்னா முகத்தைத் திருப்பிக்கறாங்க. பேரம் பேச உங்களுக்கு இது நல்லதுதானே.

அடுத்து இங்கிலாந்துங்கற கதை. 1952-ல வங்காளத்துல ஆசன்சோல் பக்கம் ராலேயோட இந்தியக் கூட்டுக் கம்பெனி சென்-ராலே பேக்டரி வந்துச்சு, ஹம்பரும் அங்க செஞ்சாங்க, அதனால ஹம்பர்னு தெரிஞ்சா மட்டும் இங்கிலாந்துன்னு ஆயிடாது. சீட்டுக்குக் கீழ குழாய் சேர்ற லக்கு, பெடல் ஆக்சில் ஓடற பாட்டம் பிராக்கெட்டோட அடி, பின் சக்கர ஆக்சில் உக்கார்ற டிராப்-அவுட், இந்த மூணு எடத்துலயும் மண்ணெண்ணெய்த் துணியால தொடைச்சு பிரேம் நம்பரத் தேடுங்க, அப்படியே பிரேம்ல நாட்டிங்ஹாம்னோ (இங்கிலாந்துல ராலே பேக்டரி இருந்த ஊரு) ஆசன்சோல்னோ எழுத்து மிச்சம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சுறாதீங்க, அழுக்குக்கு அடியில இருக்கற எழுத்துதான் உங்க சாட்சி.

ஹப்பு விஷயம் நல்ல செய்தி. ஏடபிள்யூங்கறது ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு ஸ்பீடு கியர் ஹப்பு, 54 வருசம், 7 மாசம், அதாவது 1954 ஜூலைல செஞ்சது. ஆனா அது ஹப்போட வயசு, வண்டியோட வயசு இல்ல. சக்கரம் மாத்துன வண்டி ஊருக்குள்ள எக்கச்சக்கம். முன் ஹப்பும் அதே காலத்து சாமானான்னு பாத்துக்கோங்க. ஹப்புல சின்ன எண்ணெய் மூடி இருக்கும், அதுல லேசான எண்ணெய் ரெண்டு சொட்டு விடணும், சில மெக்கானிக் கிரீஸ் தள்ளிருவாங்க, அது உள்ள இருக்கற சின்னக் கொக்கி மாதிரிப் பிடிகளை ஒட்ட வெச்சு கியரே மாறாது. லிவர் இல்லாம விக்கறாங்கன்னா அதுக்குன்னு தனியா வெலையைக் கொறைங்க.

வாங்குனதுக்கப்பறம் பெரிய தொல்லை பாட்டம் பிராக்கெட்ல வரும். ராலே செஞ்ச பிரேம்ல, அவங்க செஞ்ச ஹம்பரும் சேத்தித்தான், அங்க இஞ்சுக்கு 26 மறை (திருகு வரி), மத்த இங்கிலீஷ் வண்டில 24. அங்க பேரிங்கைத் தாங்கற கப்புக்கு லோக்கல் கப்பை வெச்சு மெக்கானிக் ரெண்டு தட்டு தட்டி முறுக்குனா மறை போச்சு, பிரேமும் போச்சு. அதனால அந்தக் கப்பு ரெண்டும் நல்லா இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கிராங்கை ஆட்டிப் பாருங்க. கிராங்கை ஆக்சிலோட இறுக்கி வெச்சிருக்கற காட்டர் பின்னைக் கழட்டும்போது நேரா சுத்தியல்ல அடிச்சா கப்பும் ஆக்சிலும் அடி வாங்கும், நாலு நாள் முன்னாடியே துருவெடுக்கற எண்ணெய் விட்டு ஊற வெச்சு, கிராங்குக்கு அடியில இரும்புக் குழாய் முட்டுக் குடுத்து, நட்டை அந்தக் காட்டர் பின் முனை மட்டத்துக்கு விட்டு அடிக்கச் சொல்லுங்க.

நானா இருந்தா 18,000 குடுக்க மாட்டேன். ஹம்பருன்னு காமிச்சு, லிவர் இல்லாததையும் சொல்லி, பாதிக்குப் பக்கத்துல நின்னு பேசுவேன். படிஞ்சா பிரேம் நம்பர் எழுதி கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கோங்க, நாளைக்குத் திருட்டு வண்டின்னு யாராச்சும் வந்தா அந்தக் காகிதம் பேசும். கதைய எல்லாம் நம்பாதீங்க, தரவாட்டுக் கதை இல்லாத பழைய சைக்கிளை நான் பாலக்காட்டுல பாத்ததே இல்ல.

கேள்வி: அண்ணா, நான் கோவிந்தாபுரம். அப்பிச்சியோட (அம்மாவோட அப்பா) ஹெர்குலிஸ் சைக்கிள் மழைச்சாரல்ல நின்னு துருப்பிடிச்சுக் கெடக்கு. பொள்ளாச்சில பவுடர் கோட்டிங் பண்ணி புதுசாக்கிடலாமுங்களா?

பதில்: அம்மிணி, வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. பவுடர் கோட்டிங்குக்கு முன்னாடி மணல் அடிப்பாங்க, அதுல பழைய தங்கக்கோடு, ஸ்டிக்கர் எல்லாம் ஒரேயடியாப் போயிரும், லேசாக் குத்துன நம்பரும் தடிச்ச பெயிண்ட்டுக்குள்ள மறைஞ்சிரும். முதல்ல சோப்புத்தண்ணில பஞ்சு நனைச்சு மெதுவாத் தொடைச்சுப் பாருங்க, தின்னர், பெட்ரோல் கிட்டயே கொண்டு போகாதீங்க. குரோம் சாமானுக்கு சமையல் அலுமினியத்தாளைக் கசக்கி, தண்ணி தொட்டுத் தேச்சாலே பாதித் துரு வந்துரும். கறுப்பு பெயிண்ட் போன எடத்துல மட்டும் சின்ன பிரஷ்ஷால எனாமல் வெச்சுட்டு மேல மெழுகுப் பாலிஷ் போடுங்க. மட்கார்டுலயோ சீட்டுக்குக் கீழயோ பஞ்சாயத்து லைசென்ஸ் வில்லை தொங்குனா அதைக் கழட்டவே கழட்டாதீங்க, அதுல இருக்கற வருசம்தான் அப்பிச்சி ஓட்டுனதுக்கு ஆதாரம். இந்தியாவுல ஹெர்குலிஸ் செஞ்ச டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல தொடங்குனது 1949-ல, அதனால உங்க வண்டி இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல வந்ததா அம்பத்தூர்ல வந்ததான்னு பாக்கறதும் அந்த பேட்ஜும் நம்பரும் போகாம இருந்தாத்தான் முடியும்.

கேள்வி: 28 இஞ்சு டயர் கேட்டா கடையில புது மாடல் 28 குடுத்தாங்க, ரிம்ல ஏற மாட்டேங்குது, ஏனுங்க?

பதில்: இஞ்சு பேரு ஒண்ணு, அளவு வேற. பழைய கம்பி பிரேக் வண்டி ரிம்முக்கு 28 × 1½ டயர், பக்கவாட்டுல 635-ன்னு மில்லிமீட்டர் அளவு போட்டிருக்கும். புது மாடல்ல 622 வரும், ஏறவே ஏறாது. ரோட்ஸ்டர் சைக்கிள் விக்கற சாதாரணக் கடையிலயே 635 கெடைக்கும், ரப்பரை அழுத்திப் பாத்து வெடிப்பு இல்லாததா எடுங்க, அந்த 622 டயரை ரசீதோட திருப்பிக் குடுத்துருங்க.