அந்த 'பாசிட்டிவ்' ரிப்போர்ட் முடிவு இல்லம்மா

தங்கச்சி, அஞ்சு வாரக் குழந்தைக்குத் தனியார் லேபில் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட் 'பாசிட்டிவ்'னு வந்திருக்கு, மாமியார் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அழுகையை நிறுத்துங்க. அது ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கற எதிர்ப்பொருளைத் தேடற டெஸ்ட். உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கறதால உங்க உடம்பிலிருந்து போன எதிர்ப்பொருள் குழந்தை ரத்தத்தில் 18 மாசம் வரைகூட இருக்கும். அதை வச்சு குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லவே முடியாது.

குழந்தைக்கு வேண்டியது வைரஸையே நேரா தேடற பி.சி.ஆர். டெஸ்ட். குதிகாலில் குத்தி, அட்டையில் சில சொட்டு ரத்தம் எடுப்பாங்க. 6 வாரத்தில் முதல் தடவை, அதாவது உங்களுக்கு அடுத்த வாரம். காசிமேட்டிலிருந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தானே, அங்கே நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கேளுங்க. இலவசம். வேற தொற்று வராம தடுக்கற கோட்ரைமாக்சசோல் மருந்தும் அப்போதான் தொடங்குவாங்க.

குழந்தைக்கு எச்.ஐ.வி. வராம தடுக்கக் கொடுக்கற நெவிராபின் சிரப்பை டாக்டர் சொல்ற நாள்வரை நிறுத்தாதீங்க. என் பொண்ணு துப்பிக்கிட்டே இருப்பா. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, சிரிஞ்சைக் கன்னத்துக்கு உள்பக்கம் வச்சு மெதுவா விட்டப்புறம்தான் இறங்குச்சு. உங்க எச்.ஐ.வி. மாத்திரையும் ஒருநாள்கூட விடக்கூடாது, குழந்தைக்குப் பெரிய காப்பே அதுதான்.

தாய்ப்பால் கொடுக்கறீங்கன்னா 6 மாசம் அது மட்டும்தான். பவுடர் பால், சர்க்கரைத் தண்ணி, வசம்பு எதுவும் வேண்டாம். ரெண்டும் கலந்து கொடுக்கறதுதான் ஆபத்து. மாமியார்கிட்ட 'டாக்டர் சொன்னாங்க'ன்னு மட்டும் சொல்லுங்க, காரணம் சொல்லணும்னு கட்டாயமில்ல. உங்க சம்மதமில்லாம ஆஸ்பத்திரியும் அவங்ககிட்ட சொல்லக்கூடாது, 2017 எச்.ஐ.வி. சட்டமே இருக்கு.

என் பொண்ணுக்கு 18 மாசத்தில் 'இல்லை'ன்னு வந்துச்சு. இப்போ மூணாவது படிக்கிறா.

ராத்திரி பயமா இருந்தா 1097க்கு (தேசிய எய்ட்ஸ் உதவி எண்) போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். மையத்துக்குப் போறப்ப டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீங்க.