நகர நூலகங்களைப் புதுப்பிக்க மக்களிடமே ஓட்டுக் கேட்டுப் பணம் திரட்டும் முறை பலன் தருமா? தமிழ்நாட்டில் நாம் கட்டும் நூலக வரியைவிட அது மேலானதா?

நான் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பதினைந்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். கொலம்பியா சிட்டி பகுதியில், 1915இல் கட்டிய செங்கல் நூலகம் ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அங்கேதான். பலன் தருமா என்றால், தரும். அந்தப் பலனைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் எதற்காக ஓட்டுக் கேட்கிறார்கள் என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள எனக்கே சில வருடங்கள் ஆயின.

முதலில் இங்கே நடந்தது. நகரம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். வாங்கிய கடனை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்து வருடக்கணக்கில் அடைக்கும். வரி ஏறும் என்பதால் மக்களின் சம்மதம் வேண்டும். அதுவும் சாதாரணப் பெரும்பான்மை போதாது, வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 60 சதவீதம் பேர் ஆம் என்று சொல்ல வேண்டும். 1994இல் 15.5 கோடி டாலர் கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 57 சதவீதம் பேர் ஆதரித்தும் தோற்றது. நான்கு வருடம் கழித்து, 1998 நவம்பரில், அதைவிடப் பெரிய தொகையாக 19.64 கோடி டாலர் கேட்டார்கள். அமெரிக்காவில் அதுவரை நூலகத்துக்காக மக்கள் முன் வைத்த கடன் பத்திரங்களிலேயே பெரியது. 69 சதவீத ஆதரவோடு வென்றது.

தொகை கூடியும் ஆதரவு ஏறியதற்குக் காரணம் என்று நான் நினைப்பது இதைத்தான்: அந்தத் திட்டத்தின் பெயரே 'எல்லோருக்கும் நூலகம்'. நகரின் நடுவில் புதிய மத்திய நூலகம் வருவதோடு, ஏற்கெனவே இருந்த 22 கிளைகளில் ஒவ்வொன்றையும் புதுப்பிப்போம், விரிவாக்குவோம், அல்லது புதிதாகக் கட்டுவோம் என்று சொல்லிக் கேட்டார்கள். 1997இல் தலைமை நூலகராக வந்த டெபோரா ஜேக்கப்ஸ் பகுதி பகுதியாகப் போய் மக்களிடம் பேசினார். ஊரின் எந்த மூலையில் இருப்பவரும் தன் தெருவுக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டார். பணம் சொன்னபடி செலவாகிறதா என்று பார்க்க ஊர்க்காரர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுவும் இருந்தது.

வெளியூர்க்காரர்கள் சியாட்டில் நூலகம் என்றதும் கேட்பது மத்திய நூலகத்தைப் பற்றித்தான். கட்டடக் கலைஞர் ரெம் கோல்ஹாஸின் நிறுவனம் வடிவமைத்த 11 மாடிக் கண்ணாடிக் கட்டடம், 2004 மே மாதம் திறந்தது. அதே இடத்தில் 1906இல் ஒரு நூலகம், 1960இல் இன்னொன்று, இது மூன்றாவது. முதல் தடவை போகிறவர்கள் வழி தேடித் திணறுவார்கள், அது உண்மைதான். ஆனால் உள்ளே ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கதையல்லாத நூல்கள் அத்தனையும் நான்கு மாடிகளுக்குச் சுற்றி ஏறும் ஒரே சரிவுத் தளத்தில், புத்தகங்களைத் துறைவாரியாக அடுக்கும் டியூயி எண் வரிசை எங்கும் அறுபடாமல் போகின்றன. புத்தகங்கள் பெருகினால் ஒரு துறையைப் பிய்த்து வேறு மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம், வரிசையை நகர்த்தினால் போதும். ஊரிலிருந்து வந்த அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். முட்டி வலியோடும் மேலிருந்து கீழே வரை நடந்தே வந்து, "படிக்கட்டே இல்லாம எறங்கிட்டேண்டா" என்றார்.

இருந்தாலும் என் மனத்தில் இந்தத் திட்டம் என்றால் கிளைகள்தான். டெல்ரிட்ஜ் கிளையின் மேல் மாடிகளில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான வீடுகள், கீழே நூலகம். டக்ளஸ்-ட்ரூத் கிளை 1914இல் கட்டியது. கறுப்பின மக்களின் வரலாறு, இலக்கியம் பற்றிய பெரிய சேகரிப்பு அங்கே இருக்கிறது. பழைய கட்டடத்தின் முகம் கெடக்கூடாது என்று, விரிவாக்கிய பகுதியில் பெரும்பங்கை நிலத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். பாலர்டில் கூரை முழுக்கச் செடிகளும் புல்லும். ஆலைகளும் கிடங்குகளும் சூழ்ந்த சவுத் பார்க் பகுதிக்கு 2006இல்தான் சொந்த நூலகம் வந்தது. அந்த ஒரு கிளைக்காகவே இந்தத் திட்டம் சரி என்பேன். கொலம்பியா கிளையின் முகப்பை அப்படியே விட்டுப் பின்பக்கம் விரித்துக் கட்டி 2004இல் திறந்தார்கள். 2008இல் எல்லா வேலையும் முடிந்தபோது மத்திய நூலகமும் 26 கிளைகளும் இருந்தன. மக்கள் வரியோடு தனியார் நன்கொடையும் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலனும் கேட்ஸ் அறக்கட்டளையும் ஆளுக்கு 2 கோடி டாலர் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு அப்புறம் நடந்தது.

கடன் பத்திரப் பணம் கட்டடத்துக்கு மட்டும். நூலகர் சம்பளம், விளக்கு, புதுப் புத்தகம், துப்புரவு எல்லாம் நகரத்தின் பொது வருமானத்திலிருந்து வர வேண்டும். 2008இல் பொருளாதாரம் சரிந்ததும் அந்த வருமானம் சுருங்கியது. 2009 தொடங்கி நான்கு வருடங்கள், கோடை முடியும்போது நகரின் எல்லா நூலகங்களும் ஒரு வாரம் முழுதாக மூடிக் கிடந்தன. பணியாளர்களுக்கு அந்த வாரம் சம்பளம் இல்லை. பல கிளைகளில் திறக்கும் நாட்களையும் குறைத்தார்கள். பெயின்ட் வாசனை போவதற்குள் பூட்டு தொங்கியது. ஊரே சேர்ந்து கட்டிய கட்டடத்தின் கதவு சாத்தியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அதனால் 2012 ஆகஸ்டில் மறுபடியும் மக்களிடம் போனார்கள். இந்தத் தடவை கேட்டது ஏழு வருடத்துக்கான கூடுதல் வரி, சுமார் 12.3 கோடி டாலர். இதற்கு 60 சதவீதம் தேவையில்லை, பாதிக்கு மேல் போதும். வென்றது. ஒரு வார மூடல் நின்றது, எல்லாக் கிளைகளும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்தன. 2019இல் அதன் காலம் முடிவதற்குள் 21.9 கோடி டாலருக்கு அடுத்த ஏழு வருடம். அப்போது எங்கள் வீட்டுக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வந்திருந்தது. "போன தடவையும் இதுக்குத்தானே கொடுத்தாங்க, மறுபடியுமா?" என்றாள் மனைவி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் திட்டத்தைப் படித்தோம். தாமதக் கட்டணம் அடியோடு நீக்கம் என்று இருந்தது. ஐம்பது டாலர் பாக்கிக்குப் பயந்து பிள்ளைகளை நூலகத்துக்கே அனுப்பாத வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அது அவளுக்கும் தெரியும். இருவரும் ஆம் என்றே குறித்தோம். 2020 ஜனவரியில் அபராதம் ஒழிந்தது. அதே வரிப்பணத்தில் கொலம்பியா உட்பட மூன்று பழைய செங்கல் கிளைகளை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்தும் வேலையும் சேர்ந்திருந்தது.

இப்போது நூலக வரிக்கு வருகிறேன். நம் ஊரில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்தது, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அதற்காக வருடக்கணக்கில் உழைத்தார். வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரி அந்தச் சட்டத்தின் உயிர். சியாட்டில் 2012 ஓட்டில் போய்த்தான் பிடித்ததை, அதாவது வருடா வருடம் வரும் பணத்தை, நம் சட்டத்தில் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அந்த வகையில் நம் முறைதான் மேல். குறை எங்கே என்றால், வீட்டு வரி ரசீதில் அந்த வரியைக் கட்டுகிறவருக்குத் தன் தெரு நூலகத்துக்கு அதில் என்ன வந்தது என்று தெரியாது. உள்ளாட்சிகள் வசூலித்ததை நூலகங்களுக்குக் கொடுக்காமல் பாக்கி வைக்கும் புகாரும் பழையது.

ஆகவே ஓட்டு முறையைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டுக் கேட்பதற்கு முன் சியாட்டில் செய்ததைச் செய்யலாம்: ஒவ்வொரு கிளையின் பெயரையும் போட்டு, அதற்கு இந்த வருடம் வந்த தொகை இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை திறக்க இவ்வளவு என்று அந்தக் கிளையின் வாசலிலேயே எழுதி ஒட்டலாம். உங்கள் கிளை நூலகரிடம் அந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். அவர் கையில் இல்லையென்றால் மாவட்ட நூலக அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம்.