காலில் வலி, முதுகெலும்பில் கட்டி

கேள்வி: என் மகனுக்கு வயது 17. எட்டு மாதங்களாக வலது இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை வலி இழுக்கிறது; இரவில் தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடுகிறது. வலி மாத்திரை போட்டால் அடங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜவ்வு விலகல் இல்லை. இடுப்பு முள்ளெலும்பில் சாதாரணக் கட்டி இருக்கலாம் என்கிறார் மருத்துவர். முதுகில் இருக்கும் கட்டியால் கால் வலிக்குமா? இது புற்றுநோயா?

பதில்: வலிக்கும். காலுக்குச் செல்லும் நரம்புகளின் வேர்கள் இடுப்பு முள்ளெலும்புகளின் இடுக்குகள் வழியாகவே வெளிவருகின்றன. அங்கே ஒரு கட்டி நரம்பை அழுத்தினாலும், அழுத்தாமல் சுற்றிலும் அழற்சியை மட்டும் உண்டாக்கினாலும், வலி காலில் தெரியலாம்.

நீங்கள் எழுதியிருப்பதில் இரவு வலியும், அது மாத்திரைக்கு அடங்குவதும் முக்கியமான தடயங்கள். இளவயதினரிடம் இவை 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா' என்ற கட்டியை நினைவூட்டுகின்றன. இது பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் குறைவானது. புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதன் மையப்பகுதி புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளை மிகுதியாகச் சுரப்பதே அந்த வலிக்குக் காரணம். அச்சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகள் கேட்பதும் அதனால்தான். இதைவிடப் பெரிதான 'ஆஸ்டியோபிளாஸ்டோமா' மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது, நரம்பையும் கூடுதலாக அழுத்தும். ஹீமாஞ்சியோமா (ரத்தக்குழாய்களால் ஆன சாதாரணக் கட்டி) என்று அறிக்கையில் இருந்தால் உடனே அதன்மேல் பழி போட வேண்டாம். வலியே இல்லாத பலரிடமும் அது தற்செயலாகத் தென்படும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைச் சுற்றிய நீர்க்கோப்பு பெரிதாகத் தெரிந்து, கட்டியையே மறைத்துவிடக்கூடும். ஆகவே சந்தேகத்துக்குரிய முள்ளெலும்பை மட்டும் மெல்லிய அடுக்குகளாகச் சி.டி. ஸ்கேன் எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மகனின் முதுகு ஒருபக்கமாக வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வலியோடு கூடிய வளைவு இக்கட்டியின் அடையாளம், நீண்ட நாள் விட்டால் அது நிலைத்துவிடும்.

இக்கட்டி சில ஆண்டுகளில் தானாகவே அடங்குவதும் உண்டு என்றாலும், அதுவரை மாத்திரையிலேயே காலம் தள்ளுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதன்று. ஊசி வழியே ரேடியோ அதிர்வெண் வெப்பத்தால் கட்டியைச் சுட்டழிக்கலாம்; நரம்புக்கு மிக அருகில் இருந்தால் அறுவை சிகிச்சையே பாதுகாப்பானது. கால் பலவீனமடைந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ, தொடைகளின் இடையே மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.