காரில் வாஷரை அழுத்தினால் முன்கண்ணாடியில் தண்ணீர் சொட்டத்தான் செய்கிறது, ஏன்?

வேளச்சேரியில் இருக்கிறேன், டேங்க் நிறைய போர் தண்ணீர் ஊற்றியும் ஒரு பக்கம் சொட்டுகிறது, மறுபக்கம் வருவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சொட்டுகிறது என்றாலே ஃபியூஸ் போகவில்லை, மோட்டார் ஓடுகிறது. அழுத்தினால் சத்தமே வராத வண்டிக்குத்தான் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும்.

என் சந்தேகம் அந்தப் போர் தண்ணீர் மேல்தான். அதிலுள்ள உப்பு, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் நாசிலின் துளையில் படிந்து கல்லாகிவிடும். பானெட்டைத் திறந்து, நாசிலுக்குப் போகும் டியூபைக் கழற்றிவிட்டு, வேறு யாரையாவது வாஷரை அழுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அடைப்பு நாசிலில். மெல்லிய ஊசியால் பதமாகக் குத்துங்கள். போகவில்லையா, நாசிலைக் கழற்றி வெள்ளை வினிகரில் ஊறவைத்து அலசுங்கள்.

டியூபிலேயே மெதுவாக வந்தால் பம்ப் வாயிலுள்ள சல்லடையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். அப்புறம், எலி! தெருவில் நிற்கும் வண்டியில் டியூபை முழுக்கத் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் மாற்றுவதுதான் வழி, சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

இனி பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவுநீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.