நூலக மேசை: வாசகர் கேள்வி, நூலகர் பதில்

கேள்வி: ஐயா, என் மகள் களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள். ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாக வருகின்றனவாம். அப்படியென்றால் பல்கலைக்கழக நூலகத்துக்கு இனி என்ன வேலை? அவளைப் படிக்க விடலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகப் படிக்கட்டும், அம்மா. கட்டுரைகள் தாமாகவே இலவசமாக வந்துவிடுவதில்லை. பௌதிகவியல் ஆய்வாளர்கள் தினமும் திறந்து பார்க்கும், கட்டுரைகளை இலவசமாக வாசிக்கத் தரும் ஆர்க்கைவ் இணையத்தளம் 1991 இல் தொடங்கியது. 2001 இலிருந்து பல வருடம் அதைக் கட்டிக்காத்தது அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக நூலகம். திறந்த அணுகல் ஆய்விதழ்களை, அதாவது யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய இதழ்களை, சோதித்துப் பட்டியலிடும் டிஓஏஜே தளம், 2003 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பிறந்தது. இங்கே கொழும்பு 7 இல் இருக்கும் தேசிய விஞ்ஞான மன்றம், இலங்கை ஆய்விதழ்களை யாரும் வாசிக்கும்படி ஒரே தளத்தில் வைத்திருக்கிறது.

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆய்வேடுகளைச் சேமித்துவைக்க டிஸ்பேஸ் மென்பொருளில் ஓர் இணையக் களஞ்சியமும் இருக்கிறது. அதுவரை நல்லது. என் கவலையெல்லாம் தரவு பற்றித்தான். டெங்கு பற்றி ஒரு விரிவுரையாளர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த விவரம் அவருடைய மடிக்கணனியில் ஓர் எக்செல் கோப்பாகக் கிடக்கும். அவர் ஓய்வுபெற்றதும் அது யாரிடம் போகும்? கோப்பு கிடைத்தாலும் முதல் நிரலில் 'கே1', அடுத்ததில் 'கே2' என்றுதான் இருக்கும். அது எந்தக் கேள்வி, எந்த மாதம் கேட்டது? 9 என்று போட்டிருப்பது ஒரு பதிலா, பதில் தரவில்லை என்பதற்கான குறியா? ஆய்வு நடக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு எழுதிவைக்க ஒருவர் வேண்டும். உங்கள் மகள் படித்து வரும்போது அவளுக்காகக் காத்திருக்கும் வேலை அதுதான். 2021 இல் யுனெஸ்கோ திறந்த விஞ்ஞானத்துக்கான, அதாவது கட்டுரைகளையும் தரவையும் எல்லோருக்கும் திறந்துவைப்பதற்கான, பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பரிந்துரை வந்துவிட்டது என்பதற்காக 'கே1' யாருக்கும் விளங்கிவிடாது.

பெயர் விஷயமும் இருக்கிறது. எஸ். சிவகுமார் ஒரு கட்டுரையில் சண்முகம் சிவகுமார் ஆவார், இன்னொன்றில் சிவகுமார் எஸ். ஆவார். குடும்பப் பெயர் என்று ஒன்றைத் தேடும் தகவல்தளம் தந்தையின் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஆளை மூன்று பேராக்கிவிடும். ஓர்கிட் என்ற 16 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டால் அவர் எழுதியதெல்லாம் ஓரிடத்தில் சேரும். அது இலவசம்தான். தமிழ் ஆய்வாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் நூலகர் அவர்களுக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்.

அப்புறம், பிரதிகள். எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பிறகு நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கோப்பை இரண்டு மூன்று ஊர்களில் வைத்து, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பதும் நூலக வேலைதான்.

கேள்வி: ஓர் ஆய்விதழ், 300 டொலர் கட்டினால் ஒரே வாரத்தில் என் கட்டுரையைத் திறந்த அணுகலில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அனுப்பலாமா, ஐயா?
– முதுமாணி மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம், தம்பி. காசு கேட்பது மட்டும் மோசடிக்கு அடையாளம் அல்ல. புகழ்பெற்ற விஞ்ஞான இதழான நேச்சரே ஒரு கட்டுரையைத் திறந்துவிட 9,500 யூரோ என்று 2020 இல் அறிவித்தது. வெளியிடுமுன் இரண்டு நிபுணர்கள் கட்டுரையை ஒழுங்காக வாசித்துக் கருத்துச் சொல்ல ஒரு வாரம் போதாது, சந்தேகம் அங்கேதான். டிஓஏஜேயில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணமே வாங்காத இதழ்களை அங்கே தனியாகத் தேடவும் முடியும். வாசகரிடம் வாங்கிய காசை ஆய்வாளரிடம் வாங்கும் ஏற்பாடு நம்மைப் போன்ற நாட்டுக்கு நியாயமானதல்ல என்பது என் உறுதியான கருத்து. முன்பு வாசிக்க முடியாமல் நின்றோம், இப்போது எழுத முடியாமல் நிற்கிறோம். சந்தா இதழில் எழுதினாலும், இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் சொந்தப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் விடுகின்றன. சில இடங்களில் கொஞ்சக் காலம் பொறுக்க வேண்டும், ஆனால் காசு இல்லை. உங்கள் நூலகரிடம் போய்க் கேளுங்கள்.

கேள்வி: மலையகத்தில் எடுத்த நேர்காணல்கள் என்னிடம் இருக்கின்றன. திறந்த விஞ்ஞானம் என்றால் அவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா?
– ஆய்வு மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: இல்லை, மகள். பேசியவர்கள் எதற்குச் சம்மதித்தார்களோ அதுவரைதான் உங்களுக்கு உரிமை. பெயரை மட்டும் எடுத்தால் போதாது. தோட்டத்தின் பெயரும் வயதும் இருந்தாலே ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். செனோடோ போன்ற களஞ்சியத்தில் விவரக் குறிப்பைத் திறந்துவைத்து, கோப்புகளைப் பூட்டிவைக்கலாம். அப்படி வைத்தாலும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அடுத்த முறை களத்துக்குப் போகுமுன், சம்மதப் படிவத்தில் தரவைப் பகிர்வது பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.