டாப்பர்களை விட்டும் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: முதலாண்டு வேதியியலில் 64 பேர். கணக்குப் பகுதியில் பலர் அரியர் வைக்கிறார்கள். இரண்டாமாண்டு டாப்பர்களைச் சொல்லிக்கொடுக்க விட்டோம். மூன்றாவது வாரமே கூட்டம் கரைந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: சொல்லிக்கொடுக்க விட்டதில்தான். டாப்பர் போர்டில் கணக்கைப் போடுவார், மற்றவர்கள் காப்பி பண்ணுவார்கள். அது இன்னொரு லெக்சர், அவ்வளவே. நியூயார்க் சிட்டி காலேஜில் 1990களில் பொது வேதியியலுக்காக உருவான சக மாணவர் வழிநடத்தும் முறையில், 6 முதல் 8 பேர் வாரம் ஒருமுறை ஒன்றரை, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தாங்களே கணக்கைப் போடுவார்கள். குழுத் தலைவரின் வேலை கேள்வி கேட்பது. கணக்குகளின் விடைகள் அச்சிட்ட தாள் யாருக்கும் கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் முடிந்தவரை வினைபுரிந்தால் எவ்வளவு நீர்? முதலில் தீர்வது எது என்றால், '4தானே கம்மி, ஹைட்ரஜன்' என்பார்கள். தலைவர் அப்போது 'தப்பு' என்று சொல்லக் கூடாது. 'ரெண்டும் எத்தனை மோல்?' என்று மட்டும் கேட்கட்டும். ஒரு மோல் என்றால் ஹைட்ரஜனில் 2 கிராம், ஆக்சிஜனில் 32 கிராம். ஆக, 2 மோல், அரை மோல் என்று வரும். 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்சிஜன் தேவை என்பது சமன்பாட்டிலேயே இருக்கிறது. இருப்பதோ அரை மோல், அதனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். 18 கிராம் நீர், 2 கிராம் ஹைட்ரஜன் மிச்சம், கூட்டினால் 20. விடை சரிதானா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு எட்டுத் தலைவர்கள் போதும். முதல் ரேங்க் அவசியமில்லை. நல்ல மார்க்கும் பொறுமையும் உள்ளவர், ஒருமுறை தடுமாறித் தேறியவர் என்றால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வாரமும் குழு கூடுவதற்கு முன் அந்த வாரத்துக் கணக்குத் தாளை அவர்களே உங்கள் முன் போட்டுப் பார்க்கட்டும், ஒரு மணி நேரம். அவர்கள் எங்கே சறுக்குகிறார்களோ அங்கேதான் ஜூனியர்களும் சறுக்குவார்கள். தாளில் தனியாளாக ஐந்து நிமிடத்தில் முடிகிற கணக்கு இருந்தால் குழுவுக்கு வேலையே இல்லை.

'வீக் ஸ்டூடன்ட்ஸ்' மட்டும் வரவேண்டும் என்றால் வெட்கப்பட்டே நின்றுவிடுவார்கள். 64 பேரையும் சேருங்கள். டைம்டேபிளுக்குள்ளேயே வையுங்கள், மாலை என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். இன்டர்னல் மார்க்கைத் தலைவர் கையில் கொடுக்கவே வேண்டாம். மார்க் போடுகிறவரிடம் யார் சந்தேகம் கேட்பார்கள்?

பெஞ்சு நகராத வகுப்பறை இதற்குச் சரிவராது. பெரிய மேஜையைச் சுற்றி உட்கார வையுங்கள். ஓர் அறைக்கு இரண்டு குழு போதும்.